மறையும் உரிமையும்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சாந்த்ராகாச்சியில் நாங்கள் நால்வர் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் நம் மலர்க்குழு கூடியிருந்தது. ஏரியில் வந்திறங்கிய பறவைகளின் ஆரவாரம் ஒருபுறம். சந்திப்பு நிலையத்தில் இரயில் வண்டிகளின் ஓசை மறுபுறம். அவ்விரண்டையும் விஞ்சி எழுந்தது எங்கள் சொற்போர்.

அதற்குக் காரணம் முதலாண்டு மாணவர் ஒருவர். விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த அவர், தம் அத்தையாரின் அலமாரியிலிருந்த சில பாடப் புத்தகங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வந்திருந்தார். அத்தையார் ஒரு தியான அமைப்பைச் சேர்ந்தவர். அமைப்பின் பெயர் இங்கு வேண்டா. பாடங்களைப் பிறருக்குக் காட்டுவதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்த பின்னரே அவை அவருக்கு ஒவ்வொன்றாகக் கிடைத்தனவாம். ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை உண்டு.

"அக்கா, இவற்றை அப்படியே நம் மலரில் போடுங்கள். இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை எல்லோரும் அறியட்டும்" என்றார் அவர்.

குழு இரண்டாகப் பிரிந்தது. "அறிவை ஒளித்து வைப்பது அறம் அன்று, அச்சிடுவோம்" என்றனர் சிலர். "பிறர் வீட்டு அலமாரியைத் திறந்ததே தவறு, அச்சிடுவது பெருந்தவறு" என்றனர் வேறு சிலர். நம் பொருளாளரோ, "ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உரிமை பதிவு செய்யப்பெற்றது என்று போட்டிருக்கிறதே! வழக்கு வந்தால் யார் போய் நிற்பது?" என்று கேட்டார்.

நான் முதற்கட்சி. அறிவியல் பயில்பவள், எதையும் திறந்து பார்த்தே பழகியவள். அதோடு நின்றேனா? இல்லை. அன்றிரவே அப்படங்களுள் ஒன்றை, "யாருக்கும் அனுப்பிவிடாதே" என்னும் குறிப்போடு என் தோழி ஒருத்திக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை, ஆய்வுக்கூட வாயிலில், எனக்கு முன்பின் அறிமுகம் இல்லாத ஒருவர் அதே படத்தை என்னிடமே காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இக்கேள்வியைச் சரியாகப் படித்தறிய வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. படித்தறிந்ததை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

இரு பழங்கதைகள்

சமய நூல்களை மறைத்து வைப்பது தமிழர்க்குப் புதிதன்று. மறை என்னும் சொல்லே வேதத்தையும் குறிக்கிறது, மறைத்தலையும் குறிக்கிறது. நம்மவர் அனைவரும் அறிந்த இரு கதைகளை நினைவு கூர்வோம்.

ஒன்று தில்லையில் நடந்தது. மூவர் பாடிய தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. அவற்றைத் தேடி இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சென்றனர். பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றி அறை திறவாது என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவருடைய திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, மூவரும் வந்தாயிற்று என்றான். கதவு திறந்தது. உள்ளே புற்று வளர்ந்திருந்தது. செல்லரித்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்த தேவாரம் என்கிறது திருமுறை கண்ட புராணம்.

மற்றொன்று திருக்கோட்டியூரில் நடந்தது. மந்திரப் பொருளைக் கற்க விரும்பிய இராமானுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவ மரபு. யாருக்கும் சொல்வதில்லை என்று உறுதி பெற்றுக்கொண்ட பின்னரே திருக்கோட்டியூர் நம்பி அதனை அருளினார். இராமானுசரோ ஊராரைத் திரட்டி உரக்கச் சொல்லிவிட்டார். கோபுரத்தின் மேல் ஏறிச் சொன்னார் என்பது மக்கள் வழக்கு. வாக்கை மீறியவர்க்கு நரகம் அல்லவோ என்று குரு வினவ, நான் ஒருவன் நரகம் புகுந்தாலும் இத்தனை பேர் உய்வார்களே என்று சீடர் விடையளித்தார்.

முதற்கதை மறைவினால் வரும் கேட்டைச் சொல்கிறது. இரண்டாவது கதை அத்துணை எளிதன்று. இராமானுசர் வாக்கை மீறவில்லை என்று எவரும் வாதிடவில்லை, அவரும் வாதிடவில்லை. மீறலுக்குரிய தண்டனை தம்மைச் சேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டே மீறினார். இதனை நெஞ்சில் நிறுத்திக்கொள்வோம். பின்னர் இது வேண்டியிருக்கும்.

இவ்விரு கதைகளிலும் இல்லாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் பதிப்புரிமை. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் ஏட்டைப் படியெடுப்பது குற்றம் அன்று, தொண்டு. அச்சுப்பொறி வந்து, ஒரு நூலை ஆயிரம் படிகளாக்குவது எளிதான பிறகே, படியெடுக்கும் உரிமை யாருக்கு என்னும் கேள்வி எழுந்தது. 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் இவ்வகையில் முன்னோடி. இந்தியாவில் கும்பினி ஆட்சியில் 1847இலும், பின்னர் 1914இலும் சட்டங்கள் வந்தன. இன்று நம்மை ஆள்வது 1957ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆகும்.

பூட்டுகள் இரண்டு

நம் மாடிச் சண்டையில் எல்லோரும் ஒரு பிழை செய்தோம். இரகசியத்தையும் பதிப்புரிமையையும் ஒன்றெனக் கொண்டோம். அவை இரு வேறு பூட்டுகள், திறவுகோல்களும் வேறு.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு பாட்டியம்மாள் சாம்பார்ப் பொடி அரைப்பதில் வல்லவர் என்று கொள்வோம். கைப்பக்குவத்தை அழகிய நடையில் ஒரு நூலாக எழுதுகிறார். அந்நூலின் சொற்களைப் பிறர் படியெடுத்து அச்சிடக் கூடாது. இது பதிப்புரிமை. ஆனால் நூலைப் படித்தவர் அப்பொடியை அரைக்கலாம். தம் சொற்களில் பிறருக்குச் சொல்லலாம். பொடி நன்றாயில்லை என்று எழுதவும் செய்யலாம். ஏன் எனில், சட்டம் காப்பது சொல்லிய முறையை. சொல்லப்பட்ட கருத்தை அன்று. ஆர். ஜி. ஆனந்து என்பாரின் நாடக வழக்கில் 1978இல் நம் உச்ச நீதிமன்றம் இதனை ஐயத்திற்கு இடமின்றி உரைத்தது.

இனி, அதே பாட்டியம்மாள் நூலே எழுதவில்லை. தம் மருமகளிடம் மட்டும், வெளியில் சொல்லாதே என்று கூறிச் சொல்லிக்கொடுக்கிறார். மருமகள் அதனை ஓர் உணவு விடுதிக்கு விற்றுவிடுகிறாள். இங்கே மீறப்பட்டது பதிப்புரிமை அன்று, நம்பிக்கை. இந்த இரண்டாம் பூட்டு கருத்தையும் காக்கும். ஆனால் வாக்குக் கொடுத்தவரையும், நம்பிக்கைக்குரியது என்று அறிந்தே பெற்றவரையுமே பெரிதும் கட்டும். தெரு முழுவதும் பொடியின் பக்குவம் பரவிவிட்டால் பிறகு பூட்டுவதற்கு ஒன்றும் இராது. முதற் பூட்டுக்கு அக்குறை இல்லை. உலகமே படித்துவிட்ட நூலுக்கும் பதிப்புரிமை உண்டு. நம் நாட்டில் ஆசிரியர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் இல்லை; எழுதியவுடனே பிறந்துவிடும்.

ஆகவேதான் இரகசியம் வெளியானதும், அதனை இழந்தவர்கள் பதிப்புரிமைச் சட்டத்தை நாடி ஓடுகிறார்கள். நூல்கள் வெளிவருவதை ஊக்குவிக்கப் பிறந்த சட்டம், நூல்களை உள்ளே அடைக்கும் கருவியாகிறது! இம்முரண்பாடு முழு வடிவில் வெளிப்பட்டது அமெரிக்காவில், சயன்டாலஜித் திருச்சபையின் வழக்குகளில்.

ஒரு கோப்பும் பல வழக்குகளும்

சயன்டாலஜி என்பது எல். ரான் ஹப்பர்ட் என்னும் எழுத்தாளர் 1950களில் தோற்றுவித்த இயக்கம். அவர் 1986இல் மறைந்தார். அதன் பயிற்சி படிப்படியாக ஏறுவது. மேற்படிகளுக்குரிய பாடங்கள், பெரும் பொருள் செலவிட்டுக் கீழ்ப்படிகளைக் கடந்தோர்க்கே காட்டப்படுவன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விண்வெளியில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வரலாறும் அவற்றுள் அடங்கும். ஆயத்தம் இல்லாதவர் படித்தால் ஆன்மிகத் தீங்கு நேரும் என்பது திருச்சபையின் நம்பிக்கை. பணம் கட்டுமுன்பே மக்கள் இதனை அறியவேண்டாமா என்பது எதிர்ப்பாளர் கேள்வி. இரு தரப்பையும் மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

1993இல் ஸ்டீவன் ஃபிஷ்மன் என்னும் முன்னாள் உறுப்பினர், லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் தம்மீது திருச்சபை தொடுத்த வழக்கில், தம் சத்தியவாக்குமூலத்தோடு அப்பாடங்களுள் சிலவற்றையும் இணைத்துவிட்டார். நீதிமன்றக் கோப்பு பொதுக் கோப்பு. எவரும் கேட்டுப் படிக்கலாம். திருச்சபை என்ன செய்தது தெரியுமா? அதன் அன்பர்கள் நாள்தோறும் நீதிமன்றம் சென்று, அந்தக் கோப்பைத் தாமே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டனர். கோப்பு ஒருவர் கையில் இருக்கையில் மற்றவர் பார்க்க இயலாதன்றோ! தேர்வுக் காலத்தில் நூலகத்தின் ஒரே படியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் நம் நண்பர்களை இது நினைவூட்டவில்லையா?

ஆனால் 1995இல் காலம் மாறியிருந்தது. கணிப்பொறிகள் தொலைபேசிக் கம்பிவழி ஒன்றோடொன்று உரையாடத் தொடங்கியிருந்தன. வர்ஜீனியாவில் வாழ்ந்த அர்னால்டோ லெர்மா என்னும் முன்னாள் உறுப்பினர் அவ்வாண்டு கோடையில் ஃபிஷ்மன் கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டார். ஆகஸ்டு 12ஆம் நாள் நீதிமன்ற ஆணையோடு அவர் வீடு சோதனையிடப்பட்டது. கணிப்பொறி எடுத்துச் செல்லப்பட்டது. சில நாள்களில் லாஸ் ஏஞ்சலிஸ் கோப்பும் முத்திரையிடப்பட்டது. அதற்குள் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் முறைப்படி ஒரு படியைப் பெற்றுவிட்டது; பின்னர் அதிலிருந்து சில வரிகளை மேற்கோள் காட்டிச் செய்தி வெளியிட்டது. திருச்சபையின் உரிமைகளைக் காக்கும் நிறுவனம் லெர்மாமீதும் இதழ்மீதும் வழக்குத் தொடுத்தது.

நீதிபதி லியோனி பிரிங்கெமா வழங்கிய தீர்ப்புகள் இரு பூட்டுகளையும் தனித்தனியே சோதித்தன. இதழ் எடுத்தாண்டவை மிகச் சில வரிகள்; நோக்கம் செய்தி; ஆகவே அது நேரிய பயன்பாடு என்று 1995 நவம்பரில் தீர்த்து, இதழின்மீதான வழக்கைத் தள்ளிவிட்டார். இரகசியம் என்ற வாதமும் நிற்கவில்லை. பொதுக் கோப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, இணையத்திலும் பல நாள் உலவிய ஒன்றை இனி இரகசியம் என எப்படி அழைப்பது என்பதே அதன் சாரம். ஆனால் லெர்மா தப்பவில்லை. அவர் விமரிசனம் எழுதவில்லை. பக்கம் பக்கமாக அப்படியே ஏற்றியிருந்தார். ஆதலின் பதிப்புரிமையை மீறினார் என்று 1996இல் தீர்ப்பாயிற்று. அவர் கட்டவேண்டிய இழப்பீடு 2,500 டாலர்.

நண்பர்களே, இதனைச் சற்று நின்று நோக்குங்கள். ஒரே ஆவணம், ஒரே நீதிபதி. சிறிது எடுத்து அதைப்பற்றிப் பேசியவர் வென்றார். முழுதும் எடுத்து ஒன்றும் பேசாதவர் தோற்றார். வேறுபாடு ஆவணத்தில் இல்லை. அதனைக் கையாண்ட முறையில் இருந்தது.

அதே 1995இல் கலிபோர்னியாவில் மற்றொரு வழக்கு. டென்னிஸ் எர்லிக் என்பவர் ஒருகாலத்தில் அத்திருச்சபையின் போதகர். பின்னர் அதன் கடும் விமரிசகர். ஹப்பர்டின் எழுத்துகளை அவர் இணைய உரையாடல் குழுவொன்றில் இட்டார். அவர்மீது மட்டுமன்றி, அச்செய்திகளைக் கடத்திய நெட்காம் என்னும் இணையச் சேவை நிறுவனத்தின்மீதும் வழக்குப் பாய்ந்தது. கடிதத்தில் தவறிருந்தால் தபால்காரரையும் பிடிக்கலாமா என்பதே கேள்வி. நீதிபதி ரொனால்டு வைட் நெட்காமைப் பொதுமக்கள் பயன்படுத்தும் படியெடுக்கும் பொறியின் உரிமையாளர்க்கு ஒப்பிட்டார். பொறி தானே இயங்கிப் படியெடுத்ததற்கு அவர் நேரே குற்றவாளி ஆகார். எனினும், மீறல் நடக்கிறது என்று எடுத்துரைத்த பின்னும் வாளாவிருந்தால் துணைபோன பொறுப்பு வரக்கூடும் என்றார். நெட்காமும் திருச்சபையும் பின்னர்த் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. ஆனால் அந்தத் தீர்ப்பின் கருத்து மறையவில்லை. 1998இல் அமெரிக்கா இயற்றிய எண்முறைப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதன் சாயல் உண்டு. உரிமையாளர் புகார் செய்தால் நீக்கிவிடு. நீக்கினால் உன்மேல் பொறுப்பில்லை என்பது அச்சட்டத்தின் நெறி. இன்று நாம் ஏற்றும் ஒரு பாட்டோ படமோ திடீரென மறைந்துபோகிறதே, அதன் பின்னே நிற்கும் வழிமுறை ஒரு திருச்சபையின் மறைநூல் வழக்கிலும் வேர்விட்டிருக்கிறது என்பது வியப்பன்றோ?

கடல் கடந்த கோப்பு

கோப்பு அமெரிக்காவோடு நிற்கவில்லை. நெதர்லாந்தில் கரின் ஸ்பைங்க் என்னும் எழுத்தாளர் அதனைத் தம் இணையப் பக்கத்தில் இட்டார். அவருக்கு இடமளித்த எக்ஸ்எஸ்4ஆல் முதலிய நிறுவனங்களோடு சேர்த்து அவர்மீதும் வழக்கு வந்தது. அவர் ஓர் அறிவார்ந்த காரியம் செய்தார். முழு ஆவணத்தை எடுத்துவிட்டு, தம் திறனாய்வின் ஊடே வேண்டிய பகுதிகளை மட்டும் மேற்கோளாகக் காட்டினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2003 செப்டம்பரில் ஹேக் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் திருச்சபையின் கோரிக்கைகளை மறுத்தது. பொதுமக்கள் அறியவேண்டிய விவாதத்திற்கு இம்மேற்கோள்கள் தேவை. இங்கே கருத்துரிமை பதிப்புரிமையினும் மேலோங்கும் என்பது அதன் நோக்கு. 2005இல் உச்ச நீதிமன்றத்திலிருந்த முறையீட்டைத் திருச்சபை தானே கைவிட்டது.

சுவீடன் நாட்டுக் கதை வேறு. அங்கே அரசு அலுவலகத்திற்கு வரும் தாள் எதனையும் குடிமக்கள் கேட்டுப் படிக்கலாம் என்பது நெடுங்காலச் சட்டம். செனோன் பனூசிஸ் என்பவர் அப்பாடங்களை இணையத்தில் இட்டதோடு, ஒரு படியை 1996இல் பாராளுமன்றத்திலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்! அதனால் அது பொது ஆவணம் ஆகிவிட்டது. எனினும் இணையத்தில் முழுவதையும் இட்டது பதிப்புரிமை மீறலே என 1998இல் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்ப்பதற்கு உரிமை வேறு. படியெடுத்துப் பரப்புவதற்கு உரிமை வேறு. இங்கும் இரு பூட்டுகள்!

இவ்வளவு வழக்குகளாலும் ஆவணம் மறைந்ததா? மறையவில்லை. வழக்குச் செய்தி படித்தவர்கள் எல்லாம் ஆவணத்தைத் தேடினர். சிந்திய நீரை அள்ளலாம். குடுவையிலிருந்து கசிந்த வாயுவைத் திரும்ப அடைக்க முடியாது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே கற்கும் பாடம். என் ஒரே ஒரு படம் ஓர் இரவுக்குள் எத்தனை கைப்பேசிகளில் புகுந்தது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

அலிப்பூரில் கிடந்த உறை

இந்நகரத்திலும் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு வழக்கின் சுவடு உண்டு. சமய நூல் பற்றியதன்று. ஆயினும் முத்திரையிட்ட தாளும் பதிப்புரிமையும் மோதிய வழக்கு அது.

மௌலானா அபுல் கலாம் ஆசாத் கல்கத்தாவில் வளர்ந்தவர், சமய அறிஞர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் கல்வி அமைச்சர். அவர் உருதுவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்தியா வின்ஸ் ஃப்ரீடம். ஏறத்தாழ 30 பக்கங்கள், வாழும் தலைவர்களைப் பற்றியனவாதலின் அப்போது வெளிவர வேண்டா என்று ஆசாத் கருதினார். அவர் 1958 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். அப்பக்கங்கள் இன்றி நூல் 1959இல் வந்தது. முழுப்படி முத்திரையிட்ட உறைகளில் கல்கத்தா தேசிய நூலகத்திலும் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பட்டது. திறக்கவேண்டிய காலம், அவர் மறைந்து 30 ஆண்டு கழித்து.

1988 பிப்ரவரி வந்தது. உறை திறக்கவில்லை, வழக்கு எழுந்தது. ஆசாத்தின் உறவினர் நஜ்மா ஹெப்துல்லா, வாரிசு என்னும் முறையில் உரிமை கோரினார். எழுதியவர் கபீர் ஆயிற்றே, அவர் பதிப்பகத்தோடு செய்த உடன்பாடு செல்லாதா? தில்லி உயர் நீதிமன்றம், ஆசாத்தும் கபீரும் இணை ஆசிரியர்கள் என்று கொண்டு, உறை திறக்கத் தடையில்லை எனத் தீர்த்தது. செப்டம்பரில் உறை திறந்தது. அவ்வாண்டே முழு நூலும் வெளிவந்தது.

தேசிய நூலகத்திற்குச் செல்வோர், வித்யாசாகர் பாலத்தைக் கடந்து சிறிது தொலைவே செல்லவேண்டும். நான் அவ்வழியே போகும்போதெல்லாம் இவ்வுறையை நினைப்பதுண்டு. தில்லை அறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது? தில்லையில் பூட்டியவர்கள் திறக்கும் நாளைக் குறிக்கவில்லை. ஆசாத் குறித்தார். பிறர் மனம் நோகாமைக்காக மறைப்பதும், காலம் வந்தபின் காட்டுவதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை அவர் காட்டினார். நாள் குறித்த மறைவு அடக்கம். நாள் குறியாத மறைவு புற்றுக்கு உணவு.

நம் சட்டம் சொல்வது

இனி நம் மலரின் கேள்விக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டிற்கும், விமரிசனத்திற்கும் மதிப்புரைக்கும், நடப்புச் செய்திக்கும் ஒரு படைப்பை நேரிய முறையில் எடுத்தாள இடம் தருகிறது. மாணவர்க்கு இச்சட்டம் முற்றிலும் மாற்றாந்தாய் அன்று. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்துப் படியெடுப்புக் கடைமீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பாடத்திற்கு வேண்டிய பகுதிகளைத் தொகுத்துப் படியெடுப்பது மீறல் ஆகாது என்று 2016இல் தீர்ப்பு வந்ததை நண்பர்கள் அறிவர்.

16ஆம் பிரிவு இன்னும் சுவையானது. இச்சட்டத்தின் வழியேயன்றி வேறெவ்வகையிலும் பதிப்புரிமை இல்லை என்று கூறும் அப்பிரிவு, அதே மூச்சில், நம்பிக்கை மீறலைத் தடுக்கும் உரிமை இதனால் அழியாது என்றும் கூறுகிறது. நம் சட்டமே இரு பூட்டுகளையும் பிரித்துக் காட்டுகிறது! இணையத்தில் ஏறியவற்றைப் பற்றி 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு நடுவழி வகுத்தது. உரிமையாளர் எழுத்துமூலம் புகார் செய்தால் இடைநின்று கடத்துவோர் 21 நாள் அதனை நிறுத்திவைக்கவேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிடில் மீண்டும் காட்டலாம்.

ஆகவே சட்டப்படி பார்த்தால் விடை தெளிவு. அப்பாடங்களை அப்படியே நாம் அச்சிட்டால் லெர்மாவின் வழியில் செல்வோம். அவற்றின் கருத்தை நம் சொற்களால் எடுத்துரைத்து, வேண்டிய இடத்தில் ஓரிரு வரி மேற்கோள் காட்டி, சரியா தவறா என்று ஆராய்ந்தால் ஸ்பைங்கின் வழியில் செல்வோம். சயன்டாலஜிப் பாடங்களின் உள்ளடக்கத்தை மேலே நான் ஒரே வாக்கியத்தில் சொன்னேன்; அவற்றின் சொல் ஒன்றையும் எடுக்கவில்லை. அவ்வளவே வேண்டுவது.

ஓரத்தில் இருந்த எழுத்து

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் ஒன்று நடந்தது.

நான் அனுப்பிய படம் சுற்றுவதை அறிந்ததும், அந்த முதலாண்டு மாணவர் தம் அத்தையாரிடம் தாமே தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தாராம். அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே கேட்டார்: "பாடத்தைப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், தம்பி. ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்தேனே, அதையுமா எல்லோரும் பார்த்தார்கள்?"

ஓடிச்சென்று படத்தை மீண்டும் பார்த்தேன். அச்செழுத்துகளின் பக்கத்தில், பென்சிலால், சாய்வாக மூன்று வரிகள். முன்பும் என் கண்ணில் பட்டவையே, நான் படிக்கவில்லை. அவை தியானத்தைப் பற்றியன அல்ல. ஒரு பெண் தன் வீட்டுத் துன்பத்தை, வேறு யாரிடமும் சொல்ல முடியாமல், தனக்கே எழுதிக்கொண்டவை. அவை என்ன என்று எழுதமாட்டேன்.

நாங்கள் மாடியில் ஒரு மணி நேரம் வாதிட்டோம். அமைப்பின் உரிமையைப் பேசினோம். ஊராரின் உரிமையைப் பேசினோம். அந்த மூன்று வரிகளை எழுதியவரின் உரிமையை ஒருவரேனும் பேசினோமா? சட்டப்படியும் அவ்வரிகளுக்கு உரியவர் அவரே. பதிப்புரிமை எழுதியவுடனே பிறப்பது என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? பென்சிலுக்கும் அது பொருந்தும். ஆனால் அவர் கேட்டது சட்டத்தை அன்று.

அதன்பின் இதுவரை என்னால் இயன்றதைச் செய்தேன். படத்தைப் பெற்றவர்கள் யார் யார் என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவரிடமும் சென்று அழிக்கச் சொன்னேன். பதினொருவர் அழித்தனர். பன்னிரண்டாமவர் தாம் யாருக்கு அனுப்பினோம் என்பது நினைவில்லை என்றார். அத்தையாருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.

மலர்க்குழு பின்னர்க் கூடி எடுத்த முடிவு இது. பாடங்களை அச்சிடுவதில்லை. பணம் பெற்றுக்கொண்டு படிப்படியாகக் கற்பிக்கும் அமைப்புகளைப் பற்றி, சேருமுன் ஒருவர் கேட்கவேண்டிய கேள்விகள் யாவை என்று அடுத்த மலரில் ஒரு கட்டுரை வரும். அதனை அந்த முதலாண்டு மாணவரே எழுதுகிறார், தம் சொற்களில்.

மறைத்து வைத்திருப்பதை எல்லாம் திறப்பதே வீரம் என்று எண்ணியிருந்தேன். திறக்கவேண்டியவை உண்டு, ஐயமில்லை. ஆனால் கோபுரம் ஏறியவர் தம்மைச் சேர்ந்த தண்டனையைத் தாமே சுமக்க முன்வந்து ஏறினார். என் செயலுக்குரிய தண்டனையை நானா சுமந்தேன்? எங்கோ ஓர் ஊரில் ஓர் அம்மையார் சுமந்தார். கைப்பேசியில் விரல் வைக்குமுன் நண்பர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.